திறந்த வெளிதானே என்று நம்பிப் படகின் அமரத்தில் ஜெனரேட்டர் வைக்கலாமா?

மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கேரளத்துப் பூவாறில் ஒரு பழைய கேபின் படகை விலைபேசி வைத்திருக்கிறாராம். உள்ளே டீசல் இன்ஜின், ஒரு படுக்கையறை, சின்ன அடுக்களை, ஒரு டன் ஏசி. ஏசி ஓட அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். "ஜெனரேட்டர் அறைக்கு வெளியேதான் இருக்கிறது, காயலில் காற்றும் எப்போதும் வீசும். கார்பன் மோனாக்சைடுக்குப் பயப்பட வேண்டுமா? மனைவி பிள்ளைகளோடு ராத்திரி தங்கலாமா?" என்பது அவர் கேள்வி.

தங்க வேண்டாம் தம்பி. அந்த ஜெனரேட்டர் அந்த இடத்தில் ஓடும்வரை ஒரு ராத்திரிகூட வேண்டாம். படகை வாங்குங்கள், அதில் தப்பில்லை. என்னென்ன மாற்ற வேண்டும் என்று கீழே சொல்கிறேன். நான் நீரோடிக்காரன். முதலில் மீன்பிடி வள்ளங்களில் இன்ஜின் வேலை பார்த்தேன், பிறகு பூவாறிலும் ஆலப்புழையிலும் சுற்றுலாப் படகுகளில் பார்த்தேன், இப்போதும் பார்க்கிறேன். "திறந்த வெளிதானே" என்ற சொல்லைக் கேட்காத படகுத்துறை கிடையாது. ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த நம்பிக்கைதான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் எஸ்டேட் மண்ரோட்டில் பின்பக்கம் திறந்த ஜீப்பில் போயிருப்பீர்கள். வண்டி போவது முன்னால். ஆனால் புழுதி பின்வழியாக ஏறி வந்து கடைசி சீட்டில் இருப்பவர் தலையெல்லாம் செம்மண் ஆகிவிடும். வண்டியின் உடம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்பச் சுற்றியிருக்கிற காற்று புழுதியோடு உள்ளே பாய்கிறது. படகிலும் அப்படித்தான். அணியம், அதாவது முன்முனை, முன்னே போகப் போக, அமரத்துக்குப் பின்னால் கக்கின புகை அங்கேயே சுழன்று பின்கதவு வழியாகக் கேபினுக்குள் இழுபடும். பின்பக்கம் பாரம் கூடி அணியம் தூக்கி நின்றால் இந்த இழுப்பு அதிகமாகும். இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவத்தில், மழை பெய்யும்போது முன்பக்கமும் பக்கவாட்டிலும் படுதாவை இறக்கிக் கட்டிவிட்டு, பின்வாசலை மட்டும் "காற்று வரட்டும்" என்று திறந்து வைப்பார்கள். அப்போது உள்ளே வருகிற காற்று முழுவதும் புகைக்குழாயைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

புழுதி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ கரியோ, எது அரைகுறையாக எரிந்தாலும் இது உண்டாகும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இதைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும், உடம்புக்குள் ஆக்சிஜன் போகாது. கனமான வாயு, கீழே படிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். மேலே போய்விடும் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் சரியில்லை. இதன் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான், அறை முழுக்கச் சமமாகக் கலந்து நிற்கும். கீழ்க்கட்டில் மேல்கட்டில் என்ற வித்தியாசம் கிடையாது.

டீசல் இன்ஜினில் இது குறைவாக வரும், ஆனால் இல்லாமல் போகாது. பெட்ரோல் இன்ஜினில் பல மடங்கு கூடும். அதிலும் சின்ன ஜெனரேட்டர்தான் மகா மோசம். ஒரு சிறிய ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் விடும் அளவுக்கு கார்பன் மோனாக்சைடை விடுகிறது என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. காரில் புகையைச் சுத்தம் செய்ய ஒரு கருவி இருக்கிறது, இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதும், ஏர் ஃபில்டரில் அழுக்கு அடைத்திருக்கும்போதும் இன்னும் கூடும்.

இதைக் கதையென்று நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டு என்ஐடி கோழிக்கோடு நிபுணர்கள் பரிசோதித்தார்கள். தரையிலிருந்த ஒரு துவாரம் வழியாகப் புகை உள்ளே ஏறியிருந்தது. 2 மணி நேரத்தில் அளவு 957 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு விஷம். 800 பிபிஎம்மிலேயே முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும் குமட்டலும் வரும், 2 மணி நேரத்துக்குள் நினைவு போய்விடும். தூங்குகிறவருக்குத் தலைசுற்றல் எப்படித் தெரியும்? அந்தக் கேரவனும் நீங்கள் வாங்கப்போகும் கேபினும் கிட்டத்தட்ட ஒன்றுதான் தம்பி. சின்ன அறை, மூடிய கண்ணாடி, ஏசி, பக்கத்தில் ஜெனரேட்டர், தரையில் வயர் போக ஓட்டை.

ஏசியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது வெளிக்காற்றைக் கொண்டுவருகிறது என்று நினைக்கிறார்கள். வீட்டு ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். உள்ளே புகுந்த விஷம் உள்ளேயே சுற்றும்.

ஓடுகிற படகைவிடக் கட்டிப்போட்ட படகைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஆலப்புழையில் மீனவர்கள் வலை விரிப்பதற்காகச் சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில் ஹவுஸ்போட்டுகள் ஓட்டத்தை நிறுத்திக் கரையணைந்துவிடும். பெரும்பாலான பேக்கேஜில் ஏசி ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை. கரையில் கரண்ட் இணைப்பு இல்லாத இடமென்றால் வரிசையாகக் கட்டிய அத்தனை படகிலும் அந்த ஒன்பது மணி நேரமும் ஜெனரேட்டர் ஓடும். காற்று அடங்கிய ராத்திரியில் இரண்டு படகுகளுக்கு நடுவே விழுகிற புகை நகராது.

ஒரு துலா (ஐப்பசி) மழைக்காலத்தில் பம்ப் பழுது பார்க்கப் போய் அப்படியொரு வரிசையில் நானும் ஒரு படகில் படுத்திருந்தேன். 11 மணி இருக்கும், பக்கத்துப் படகில் சத்தம். தென்காசிக் குடும்பம் ஒன்று. பிள்ளைகள் இரண்டும் வாந்தி எடுக்கின்றன, அந்த அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அண்ணே, கரிமீன் ஒத்துக்கல போலிருக்கு" என்றார் அந்தத் தகப்பனார். படகுக்காரப் பையன் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தான். அதே அடுக்களையில் பொரித்த அதே மீனை நானும் தின்றிருந்தேன், எனக்கு ஒன்றுமில்லை. அவர்கள் ஜன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் அடுத்த படகின் ஜெனரேட்டர் குழாய் அவர்களையே பார்த்து நின்றது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லோரையும் அணியத்துத் திறந்த தட்டுக்குக் கொண்டுவந்தோம். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் தெளிந்து பேச ஆரம்பித்தார்கள். அதன் பிறகும் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அந்தப் பிள்ளைகளுக்கு வாந்தி வராமல் ஆழ்ந்த தூக்கம் வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி, குழப்பமான பேச்சு, இவைதான் அறிகுறிகள். படகில் இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் கையிலேயே இருக்கும். வெயில், ஆட்டம், சாப்பாடு, கள்ளு. ஆகவே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே படகில் ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குமேல் தலை வலித்தாலோ, வெளியே வந்தால் குறைந்து உள்ளே போனால் திரும்பினாலோ, அது புகைதான் என்று எடுத்துக்கொண்டு செயல்படுங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள், குழந்தைகள், இதய நோய்க்காரர்கள், ரத்தசோகை உள்ளவர்களுக்குப் பாதிப்பு சீக்கிரம் வரும். குடித்துவிட்டுப் படுத்தவருக்கு எழுந்திருக்கவே வாய்ப்பில்லை.

அடுத்தது தண்ணீர். அமரத்தில் கால் கழுவ, ஏறி இறங்க ஒரு தட்டு போட்டிருப்பார்கள். பிள்ளைகள் அதில் உட்கார்ந்து காலை நனைப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு நீந்துவார்கள். அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா எல்லையிலிருக்கும் லேக் பவல் ஏரியில் 2000 ஆகஸ்டில் 8 வயதும் 11 வயதுமான அண்ணன் தம்பி இரண்டு பேர் ஹவுஸ்போட்டின் அமரத் தட்டுக்கு அடியில் நீந்திப்போய் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை அந்தத் தட்டுக்கு அடியில்தான் வெளியேறியது. பிறகு அப்படிப்பட்ட படகுகளில் தட்டுக்கடியில் அளந்து பார்த்தபோது 6,000 முதல் 30,000 பிபிஎம் வரை இருந்தது. 12,800 பிபிஎம்மிலேயே ஓரிரு நிமிடத்தில் உயிர் போகும். மேலே ஆகாயம், சுற்றிலும் ஏரி, நடுவில் ஒரு பொந்தில் விஷம். அங்கே 1990-க்குப் பிறகான பதிவுகளைத் தோண்டியெடுத்தபோது இதே வகைச் சம்பவங்கள் நிறைய வெளிவந்தன. நீரில் மயங்கியவர் மூழ்கித்தான் இறப்பார், காரணமாக மூழ்கியதை மட்டும் எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் குறைந்த கார்பன் மோனாக்சைடு விடும் படகு ஜெனரேட்டர்களே சந்தைக்கு வந்தன.

ஆகவே இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது அமரத்தில் யாரும் உட்காரக் கூடாது, பின்னால் நீந்தவும் கூடாது. 20 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பூவாறில் பறவை காட்டவும், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் போட்டோ எடுக்கவும் இன்ஜினை நிறுத்தாமல் கால்மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். மெதுவாக ஓடும் இன்ஜின், பின்னாலிருந்து வீசும் கடல்காற்று, இரண்டும் சேர்ந்து புகையைப் பயணிகள் மேலேயே கொண்டுவந்து போடும். நின்றால் இன்ஜினை அணையுங்கள். திரும்ப ஸ்டார்ட் ஆகாது என்ற பயத்தில்தான் பலர் அணைப்பதில்லை. அப்படியென்றால் பேட்டரியைச் சரி செய்ய வேண்டும்.

இனி உங்கள் படகு. அந்தச் சின்ன ஜெனரேட்டரைக் கழற்றி இறக்குங்கள். கையில் தூக்கிப்போகும் ஜெனரேட்டர்கள் தரையில், வீட்டிலிருந்து தள்ளி வைத்து ஓட்டச் செய்தவை. படகில் அவற்றுக்குப் பாதுகாப்பான மூலை எதுவும் இல்லை. பெட்ரோல் ஆவி படகின் அடித்தளத்தில் தேங்கித் தீப்பிடிக்கும் அபாயம் வேறு. அதற்குப் பதிலாக என்ன? ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி, சின்னக் கேபினில், ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5, 6 யூனிட் இழுக்கும். 48 வோல்ட் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று ஏறக்குறைய 5 யூனிட் தரும். இரண்டு வைத்துவிட்டு, பகலில் துறையில் சார்ஜ் போட்டால் ராத்திரி சத்தமும் இல்லை, புகையும் இல்லை. செலவுதான், மறுக்கவில்லை. 2017 முதல் வைக்கம், தவணக்கடவு இடையே 75 பேரை ஏற்றிக்கொண்டு 'ஆதித்யா' சூரிய மின்படகு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு ஏசியைப் பேட்டரியில் ஓட்டுவது பெரிய வித்தையில்லை. பணம் இப்போது இல்லையென்றால் கொசுவலை கட்டி, ஜன்னலைத் திறந்து, 30 வாட் மின்விசிறியில் தூங்குங்கள். நெய்யாற்றுக் கழிமுகத்தில் ராத்திரிக் காற்றுக்கு அது போதும்.

பெரிய படகுக்காரர்கள் டீசல் ஜெனரேட்டர்தான் வேண்டும் என்றால் படகுக்கென்றே செய்ததைத் தனிப்பெட்டியில் நிலையாகப் பொருத்த வேண்டும். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோவது நல்லது. மேல்தட்டிலிருந்து குறைந்தது 9 அடி உயரத்தில் முடிய வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆனால் மூங்கில் பாயும் கயிறும் கொண்ட கெட்டுவள்ள ஹவுஸ்போட்டின் கூரையில் சூடான குழாயை அப்படியே ஏற்றினால் தீப்பிடிக்கும். வெப்பம் தாங்கும் உறை சுற்றி, கூரையைத் தொடாமல் இடைவெளி விட்டு ஏற்ற வேண்டும்.

உங்கள் டீசல் இன்ஜினையும் நம்பி விட்டுவிடாதீர்கள். புகையோடு தண்ணீரைக் கலந்து ரப்பர் ஹோஸ் வழியாக வெளியே விடுகிற அமைப்பு அதில் இருந்தால், ஹோஸை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, உப்பல், மெலிவு எது இருந்தாலும் மாற்றுங்கள். ஒவ்வொரு முனையிலும் துருப்பிடிக்காத கிளாம்பு இரண்டு வேண்டும். இணைப்பைச் சுற்றிக் கருப்புத் தடமோ துருக்கறையோ தெரிந்தால் அங்கே புகை கசிகிறது என்று அர்த்தம். ஓடும்போது வெளியே தண்ணீர் விழும் சத்தம் திடீரென்று மாறினால் இன்ஜினை நிறுத்துங்கள். பம்புக்குள்ளிருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்து தண்ணீர் நின்றுபோனால், சூடான புகை ஹோஸைப் பொசுக்கிவிட்டு அடித்தளத்தில் பரவும். அங்கிருந்து பலகை இடுக்கு வழியாகப் படுக்கையறைக்கு வர அதற்கு நேரம் எடுக்காது. இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே வயர், குழாய் போகிற ஒவ்வொரு ஓட்டையையும் அடையுங்கள். ஒரு எளிய சோதனை சொல்கிறேன். இருட்டில் இன்ஜின் அறைக்குள் ஒரு பல்பை எரியவிட்டுக் கேபினில் நின்று பாருங்கள். வெளிச்சம் வருகிற இடமெல்லாம் புகை வருகிற இடம்.

அடுக்களை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கேபினுக்குள் சிரட்டைக்கரி அடுப்பு வேண்டவே வேண்டாம், மீன் சுடுவதற்கும் வேண்டாம், மழை என்பதற்காகவும் வேண்டாம். புகை அடங்கிச் சிவந்து கிடக்கும் கங்குதான் அதிக விஷம் விடும். கேஸ் அடுப்பைக் குளிருக்காக எரியவிடுவதும் கூடாது. 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன 8 பேர், அவர்களில் 4 பேர் குழந்தைகள், தாமனில் ஒரு விடுதி அறையில் கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கி எழுந்திருக்கவே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் பக்கத்துப் படகை உங்களால் கட்டுப்படுத்த முடியாது. கடையில் தீப்புகை அலாரத்தையும், கேஸ் கசிவு அலாரத்தையும் எடுத்துக் கொடுப்பார்கள். அவை இதைக் கண்டுபிடிக்காது. பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று எழுதியிருக்க வேண்டும். ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தரம் படகுக்கும் கேரவனுக்கும் என்றே வகுத்தது. யூஎல் 2034 என்ற அமெரிக்கத் தரம் என்றிருந்தால் படகுக்கு உகந்தது என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். படுக்கையறைக்கு ஒன்று வீதம், படுத்திருப்பவர் தலை உயரத்துக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கும் ஏசி வாய்க்கும் நேரே இல்லாமல் மாட்டுங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி அச்சிட்டிருக்கும். பட்டனை அமுக்கினால் வருகிற சத்தம் பேட்டரியும் மணியும் சரி என்றுதான் சொல்லும், காலாவதியான சென்சாரைக் காட்டிக்கொடுக்காது. யூஎல் தர அலாரம் 70 பிபிஎம்மில் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள்ளும், 400 பிபிஎம்மில் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் அலறும். அது அலறினால் "கெட்டுப்போச்சு" என்று பேட்டரியைப் பிடுங்குகிற வழக்கம் நம் படகுகளில் இருக்கிறது. அந்தக் கையைத் தடுக்க வேண்டியது நீங்கள்தான்.

அலறினால் முதலில் ஆட்களை அணியத்துக்குக் கொண்டுபோங்கள், ஓடுகிற இன்ஜின், ஜெனரேட்டர், அடுப்பு எல்லாவற்றையும் அணையுங்கள், எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அமரத்துக்குப் பின்னால் ஒருவர் தண்ணீரில் மயங்கிக் கிடந்தால், புகை வந்துகொண்டிருக்கும்போதே குதிக்காதீர்கள். அணைத்துவிட்டு மிதவையோடு இறங்குங்கள். மூச்சில்லாவிட்டால் செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டே கரைக்கு வாருங்கள். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாடு, கேரளம் இரு மாநிலத்திலும் 108 தான். டாக்டரிடம் "படகில் ஜெனரேட்டர் புகை" என்று உடனே சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த விஷம் ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே படித்து 98, 99 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது, ரத்தப் பரிசோதனை வேண்டும். சாதாரணக் காற்றில் ரத்தத்திலிருந்து பாதி விஷம் இறங்க 4, 5 மணி நேரமாகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் போதும். தெளிந்துவிட்டாலும் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒன்று விட்டுப்போனது. 2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு லைஃப் ஜாக்கெட், ஆள் கணக்கு, மாற்றியமைத்த படகு என்றெல்லாம் கேட்கிறார்கள், நல்லதுதான். புகைக்குழாய் எங்கே முடிகிறது என்று கேட்டு ஏறுகிற பயணியை நான் இன்னும் பார்க்கவில்லை. பதிவுப் புத்தகத்தையும் சர்வே சான்றையும் வாங்கிப் பாருங்கள். அதில் அந்த ஜெனரேட்டர் இருக்கிறதா, பிறகு கட்டியதா என்று தெரிந்துவிடும். பிறகு கட்டியது என்றால், அதை விற்கிறவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி அதற்கான தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள். பேட்டரிக்கு முன்பணமாக ஆகும்.